களம் காணாத தளபதி

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் கற்பிக்கின்ற பாடசாலையில், உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர்கள் சென்ற தவணையில் உத்தரகுமாரன் கதையை நாடகமாகப் பழகினார்கள். கௌரவப் படையைக் கண்டு உத்தரன் அஞ்சுகின்ற கட்டத்தில், அந்த வேடம் ஏற்ற மாணவன் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோத, பற்கள் கிட்ட, தலை முதல் கால் வரை நடுங்கிக் காட்டினான். சுற்றியிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேத்தியைக் கூட்டிச் செல்ல வந்து வேப்பமர நிழலில் இருந்த ஓர் அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒத்திகை முடிந்ததும் அவனை அருகே அழைத்து, "தம்பி, பயந்தவன் உப்பிடி நடுங்கமாட்டான். கால் மரத்துப்போகும். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில விழாது. பாத்துக்கொண்டே நிப்பான்" என்று சொன்னார். அந்த மாணவன் போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிறந்தவன். அவர் சொன்னதைக் கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டான். அன்றிரவு நானும் என் பாடக்குறிப்பைத் திருத்தி எழுதினேன். அந்தக் குறிப்புத்தான் இங்கே சற்று விரிவாக வருகிறது.

போரை நேரிற் பட்டறிந்தவரைக் களம் கண்டவர் என்று சொல்வது தமிழ் வழக்கு. உலகத்துக் கதைகளிலோ, படை நடத்தும் பொறுப்பில் இருந்துகொண்டு களம் காணாத ஒருவர் மீண்டும் மீண்டும் வருகிறார். அவருக்குப் பதவி உண்டு, கட்டளையிடும் அதிகாரம் உண்டு, பல வேளைகளில் நல்ல கல்வியும் உண்டு. உயிருக்கு ஆபத்தான ஓரிடத்தில், அரைகுறையான செய்தியை வைத்துக்கொண்டு, பிறருடைய உயிர்களைப் பற்றி அந்தக் கணத்திலேயே முடிவெடுத்த பட்டறிவு மட்டும் இல்லை. இந்த ஒரேயொரு குறையைச் சுற்றிக் கதையை அமைக்கும்போது பிறக்கின்ற பாத்திர வகையையே களம் காணாத தளபதி என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

புதிதாக வாசிக்கத் தொடங்குவோர் இவரைக் கோழை என்றோ பொய்யர் என்றோ எடுத்துக்கொள்வதுண்டு. அது வேறொரு வகை. 2,200 ஆண்டுகளுக்கு முன்னர் உரோம நாடகாசிரியர் புளோட்டஸ் படைத்த பீற்றற்காரப் படைவீரன், தான் செய்யாத வீரச் செயல்களைச் செய்ததாகச் சொல்லித் திரிகிறான். அவனுக்குத் தன் பொய் தெரியும். களம் காணாத தளபதியோ பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. தனக்குத் தெரிந்தது போதும் என்று உண்மையாகவே நம்புகிறார். நம்மை வருத்துவதும் அந்த நம்பிக்கைதான்.

அவருக்குத் தெரியாதது என்ன என்பதை மிகத் தெளிவாக எழுதியவர் கார்ல் வொன் கிளோசவிட்ஸ். ஏறத்தாழ 12 வயதிற் புருசிய இராணுவத்திற் சேர்ந்து, 1793இல் மைன்ஸ் நகர முற்றுகையின்போதே களத்தைக் கண்டுவிட்டவர் அவர். அவருடைய இறப்புக்குப் பின், 1832இல் வெளிவரத் தொடங்கிய போரியல் நூலில், போரில் எல்லாமே எளியவை, ஆனால் அந்த எளியவற்றைச் செய்வதுதான் கடினம் என்று கூறி, அந்தக் கடினத்துக்கு உராய்வு என்று பெயரிடுகிறார். வழி தவறுகிறது, மழை வருகிறது, செய்தி பிந்துகிறது, களைத்த மனிதன் கட்டளையைப் பிழையாக விளங்கிக்கொள்கிறான். தனித்தனியே அற்பமான இவை ஒன்றுசேர்ந்து பெரிய திட்டத்தை நிறுத்திவிடுகின்றன. இதற்கு அவர் காட்டுகின்ற உவமை நீருக்குள் நடப்பது. இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. கரையில் நிற்பவருக்கு அந்தத் தூரம் இருபது எட்டு. இறங்கியவருக்கோ ஒவ்வோர் எட்டிலும் சேறு காலை உள்ளே இழுக்கிறது, தாமரைக்கொடி கணுக்காலைச் சுற்றுகிறது, ஒரு காலைத் தூக்கும்போது உடல் மறுபக்கம் சாய்கிறது. தரையில் நின்று நீச்சற் பயிற்சி கொடுப்பவரையும் கிளோசவிட்ஸ் அதே இடத்தில் நினைவூட்டுகிறார். நீந்தத் தெரிந்தவர் தரையில் கற்பிப்பதிற் பொருள் உண்டு. ஒருநாளும் நீரில் இறங்காதவர் கற்பிக்கும்போது அவருக்குத் தெரிந்த நடையைத்தான் கற்பிப்பார் என்பது அவர் கருத்து.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இங்கே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பழமொழியை அளவுக்கு மீறி இழுக்கக்கூடாது என்பது என் எண்ணம். முள்ளியவளைப் பக்கத்திற் கோவலன் கூத்துப் பழக்குகின்ற அண்ணாவியாரிடம் ஏடு உண்டு. ஏடு இல்லாமற் கூத்து இல்லை. ஏட்டை மனனம் செய்தவன் களரியில் இறங்கி, மத்தளம் முழங்கத் தொடங்கிய பின்னர்தான், பாட்டும் காலும் ஒன்றாகப் போகவில்லை என்பதைக் காண்கிறான். குறை ஏட்டில் இல்லை. ஏட்டுக்கும் களரிக்கும் இடையிலே ஒரு தூரம் இருப்பதை அவன் அறியாமல் இருந்ததே குறை. கதாசிரியர்கள் அளந்து காட்டுவது அந்தத் தூரத்தையே.

நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு உத்தரன்தான். வாய்வீரம் பேசுபவரை உத்தரகுமாரன் என்று சொல்வது பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. விராட பருவத்தில், அரசன் விராடன் தென்திசையில் ஆநிரை கவர்ந்த திரிகர்த்தரை எதிர்த்துப் படையுடன் சென்றுவிட்ட வேளையில், துரியோதனன் பீஷ்மர், துரோணர், கர்ணன் ஆகியோருடன் வடதிசையில் வந்து 60,000 பசுக்களைக் கவர்ந்துவிடுகிறான். செய்தி கொண்டுவந்த ஆயர் தலைவனுக்கு முன்னால், அந்தப்புரத்துப் பெண்கள் கேட்டிருக்க, தகுந்த தேர்ப்பாகன் ஒருவன் கிடைத்தால் கௌரவரைத் தானே வென்று வருவேன் என்று இளவரசன் பேசுகிறான். முன்பொரு நெடிய போரில் தன் பாகன் இறந்துபோனதாக அவன் சொல்வது வியாச பாரதத்தில் வருகிறது. அந்தப் போர் நமக்குக் காட்டப்படுவதில்லை. நாம் காணுமாறு அவன் செல்கின்ற முதற்களம் இதுதான்.

அவன் போடுகின்ற கணக்கைக் கவனிக்க வேண்டும். தேர் இருக்கிறது, வில் இருக்கிறது, குதிரைகள் இருக்கின்றன. பாகன் மட்டும் இல்லை, அவனும் வந்துவிட்டால் வெற்றிதான். களம் காணாதவர் போரைப் பொருட்களின் பட்டியலாகவே பார்க்கிறார்; பட்டியல் நிரம்பினால் ஆயத்தம் முடிந்தது என்று நினைக்கிறார். அரண்மனை முழுவதும் அதே மனநிலையில்தான் இருக்கிறது. அரண்மனையில் ஆடலாசிரியை வேடத்தில் மறைந்து வாழும் அருச்சுனனே பிருகந்நளை. பாகனாகப் புறப்படுகின்ற பிருகந்நளையிடம், பொம்மைகளுக்கு உடுத்துவதற்குக் கௌரவருடைய நல்ல துணிகளைக் கொண்டுவரும்படி உத்தரனின் சகோதரி உத்தரையும் தோழியரும் கேட்டனுப்புகிறார்கள். அந்த வரியில் நான் வகுப்பை நிறுத்திவிடுவேன். போர் எவ்வளவு தொலைவில் இருந்தால் ஒரு பெண்பிள்ளை அதனிடம் பொம்மைத் துணி கேட்பாள் என்று பிள்ளைகளை யோசிக்கச் சொல்வேன்.

பிறகு தேர் ஊரைத் தாண்டுகிறது. கடலைப்போலப் பரந்து கிடக்கும் படை கண்ணிற் படுகிறது. உத்தரனுக்கு மயிர் சிலிர்க்கிறது. தந்தை படை முழுவதையும் கூட்டிச் சென்றுவிட்டார், நான் தனியன், சிறுவன், படைக்கலப் பயிற்சியும் போதாதவன் என்று அவன் புலம்புகிறான். அவன் சொல்வது அவ்வளவும் உண்மை. காலையில் அந்தப்புரத்தில் நின்றபோதும் அவை உண்மையாகத்தான் இருந்தன, ஆனால் அப்போது அவனுக்கு அவை தெரியவில்லை. தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பெண்ணுடையில் இருக்கும் அருச்சுனன் பின்னல் பறக்கத் துரத்திச் சென்று அவனுடைய தலைமயிரைப் பற்றி நிறுத்துகிறான். தன்னை விட்டுவிட்டால் பொன்னும் தேரும் யானையும் தருவதாகக் கெஞ்சுகின்ற சிறுவனை அவன் இகழவில்லை. நீ குதிரைகளைச் செலுத்து, நான் பொருகிறேன் என்று கடிவாளத்தைக் கையில் கொடுக்கிறான். இருவரும் சுடலையருகே நின்ற வன்னி மரத்தடிக்குப் போகிறார்கள். மறைத்துவைத்த படைக்கலங்களை இறக்க உத்தரன்தான் மரத்தில் ஏறுகிறான். நம்முடைய நிலத்தின் பெயரும் அந்த மரத்தின் பெயரும் ஒன்றாக இருப்பதில் என் மாணவர்களுக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு. பெயர் ஒற்றுமைக்கு அப்பால் நான் எதையும் சொல்லவரவில்லை.

அன்றைய போரில் உத்தரன் அம்பு எய்யவில்லை. எய்பவனுக்கு முன்னால் இருந்து குதிரைகளைப் பிடித்தபடி, களம் எப்படிப்பட்டது என்பதை அவன் பார்த்தான். ஊர் திரும்பியதும், மகனே வென்றான் என்று மகிழ்ந்திருந்த தந்தையிடம், வென்றது தான் அல்லன் என்று சொல்லிவிடுகிறான். தேரேறும்போது பெருமை பேசிய வாய், தேரிறங்கும்போது தனக்கு வந்த பெருமையை மறுக்கிறது. ஒரே நாளில் ஒரு மனிதனுக்குள் ஏற்பட்ட இந்த மாற்றத்தை விட்டுவிட்டு, நடுங்கிய கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவனை எள்ளலுக்கு உரியவனாக்கியதில் நமக்குப் பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கதையில் இன்னொரு பொது இயல்பும் தெரிகிறது. களம் காணாத தளபதி பெரும்பாலும் தனியே வருவதில்லை. பதவியில் அவருக்குக் கீழ்ப்பட்ட, ஆனால் களம் கண்ட ஒருவர் அருகிலேயே நிற்கிறார். இளவரசனுக்குப் பக்கத்தில் ஆடலாசிரியை வேடத்தில் அருச்சுனன் நிற்பதுபோல, இக்காலக் கதைகளில் இளம் லெப்டினன்டுக்குப் பக்கத்தில் நரைத்த சார்ஜன்ட் நிற்பார். அதிகாரம் ஒருவரிடமும் அறிவு மற்றவரிடமும் இருக்கும்போது கதை தானாகவே நகரத் தொடங்கிவிடுகிறது.

1986இல் ஜேம்ஸ் கமரூன் இயக்கிய 'ஏலியன்ஸ்' திரைப்படத்தில் வருகின்ற லெப்டினன்ட் கோர்மன் இதற்கு நல்ல சான்று. வேற்றுக் கோளொன்றில் இறங்குவதற்கு முன், இதுவரை எத்தனை முறை இப்படி இறங்கியிருக்கிறீர்கள் என்று கேட்கப்படும்போது, 38 என்கிறார். அவை பாவனைப் பயிற்சிகள். உண்மையான களத்தில் எத்தனை என்றால், இதையும் சேர்த்து இரண்டு. கணக்கின்படி அவர் முற்றிலும் களம் காணாதவர் அல்லர். ஆயினும் இந்த வகையின் இயல்புகள் எல்லாம் அவரிடம் உள்ளன. அவர் கவச வாகனத்துக்குள் இருந்துகொண்டு, படையினரின் தலைக்கவசங்களிற் பொருத்திய கமராக்கள் அனுப்புகின்ற காட்சிகளை வரிசையான சிறு திரைகளிற் பார்க்கிறார். தாக்குதல் தொடங்கியதும் அவர் இடுகின்ற கட்டளை பிழையானதன்று: தீயுமிழும் கருவிகளால் எதிரியைத் தடுத்துக்கொண்டு, குழுக்குழுவாக வாகனத்துக்குப் பின்வாங்க வேண்டும். பயிற்சியில் இதற்கு முழுப் புள்ளி கிடைத்திருக்கும். ஆனால் களத்தில் நிற்கும் சார்ஜன்டுக்கு அந்த இரைச்சலில் பாதிதான் கேட்கிறது. மறுபடி சொல்லுமாறு கேட்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் இல்லாமற் போகிறார். திரைகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஏதாவது செய்யுங்கள் என்று பக்கத்தில் நிற்பவர் கத்தும்போது கோர்மனால் சொல்ல முடிந்தது, பின்வாங்கச் சொன்னேனே என்பது மட்டும்தான்.

கிளோசவிட்ஸ் உராய்வு என்று சொன்னதை இதைவிடக் கிட்ட நின்று காட்ட முடியாது. கட்டளை சரி, அது போய்ச் சேர வேண்டிய காதுவரை போகவில்லை. அந்த நேரத்தில் கோர்மன் நடுங்கவில்லை, ஓடவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்காதவராய்த் திரைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வேப்பமரத்தடியில் அந்த அம்மம்மா சொன்ன நிலை இதுதான் என்பது எனக்கு அன்றிரவுதான் உறைத்தது. அதே கோர்மன் பின்னர், தன்னை மதிக்காத பெண் படைவீரர் ஒருவர் காயப்பட்டுக் கிடக்கும் குழாய்வழிக்குள் திரும்பி ஓடி, அவருடன் சேர்ந்து உயிரை விடுகிறார். முதல் அடியில் உறைந்தவரை இயக்குநர் அந்த உறைவிலேயே விட்டுவிடவில்லை.

களம் காணாதவர் என்னும் சொல் எப்போதும் உண்மை விவரமாக வருவதில்லை, குற்றச்சாட்டாகவும் வரும். ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' அப்படித்தான் தொடங்குகிறது. ரோட்சிலும் சைப்பிரசிலும் தளபதியின் கண்முன்னே போரிட்ட தன்னை விட்டுவிட்டு, ஒருநாளும் ஓர் அணியைக் களத்தில் நிறுத்தியறியாத, புத்தகக் கணக்கு மட்டும் தெரிந்த காசியோவுக்குத் துணைத்தளபதி பதவி கொடுக்கப்பட்டுவிட்டது என்று இயாகோ பொருமுகிறான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சொல்பவன் இயாகோ. காசியோவின் திறமையைப் பார்த்து நாமே முடிவு செய்யலாம் என்றால் அதற்கும் இடமில்லை. இரண்டாம் அங்கத்தில் துருக்கியக் கப்பற்படையைப் புயலே அழித்துவிடுகிறது, நாடகத்தில் போரே நடப்பதில்லை. கடைசியில் வெனிஸ் அரசு சைப்பிரசின் ஆட்சியைக் காசியோவிடந்தான் ஒப்படைக்கிறது. எனவே ஒரு கதையில் இந்தக் குற்றச்சாட்டு வரும்போது, அதைச் சொல்பவர் யார், அவருக்கு என்ன கிடைக்காமற் போனது என்பதையும் வாசகர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகைச்சுவைக்கும் இந்தப் பாத்திரம் நன்றாக உதவும். 1879இல் மேடையேறிய 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' இசைநாடகத்தில் வரும் மேஜர் ஜெனரலுக்குப் போரியலைத் தவிர எல்லாம் தெரியும். ஜோசப் ஹெலர் 1961இல் வெளியிட்ட 'கச்-22' நாவலில், அணிவகுப்பு நடத்துவதிலேயே உயிரை வைத்திருக்கும் லெப்டினன்ட் ஒருவர் படிப்படியாக உயர்ந்து ஜெனரலாகிவிடுகிறார். 1968இற் தொடங்கிய 'டாட்ஸ் ஆர்மி' தொலைக்காட்சித் தொடரின் கப்டன் மெயின்வாரிங் இவர்களைவிட ஆழமானவர்: முதல் உலகப்போர் ஓய்ந்த பின்னரே பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த வங்கி முகாமையாளர் அவர், அவருக்குக் கீழே இருக்கும் சார்ஜன்டும் கோப்ரலும் உண்மையான களங்களைக் கண்டவர்கள். அந்தக் குறை அவரை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் ஆபத்து வரும்போது முன்னே நிற்பவரும் அவரே.

கற்பனை அல்லாத ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் சீன மொழியில் இந்த வகைக்கே பெயர் தந்தவர் அவர். சாவோ நாட்டுத் தளபதி சாவோ குவோ இளமையிலேயே போர் நூல்களைக் கரைத்துக் குடித்தவர். பெரிய தளபதியாகிய தந்தையால்கூட வாதத்தில் அவரை வெல்ல முடியவில்லை. ஆயினும் தந்தை மகனைப் பாராட்டவில்லை. போர் சாவு நிகழும் இடம், இவன் அதை இலேசாகப் பேசுகிறான் என்று மனைவியிடம் சொன்னாராம். கி.மு. 260இல் மகனைத் தளபதியாக அரசன் நியமித்தபோது, வேண்டாம் என்று மன்றாடியவர் தாய்தான் என வரலாற்றாசிரியர் சிமா சியன் எழுதுகிறார். கணவர் அரசன் கொடுத்த பரிசுகளைப் படையினருக்குப் பகிர்ந்தார், மகனோ அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து காணி வாங்கப் பார்க்கிறான் என்பது அந்தத் தாய் கண்ட வேறுபாடு. சாங்பிங் போரில் மகனும் மாண்டார், படையும் அழிந்தது. தாளில் போர் பேசுதல் என்ற சீன மரபுத்தொடர் இன்றும் இவரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. மகனுடைய குறையை அந்தத் தாய் போர்த்தந்திரத்திற் தேடவில்லை என்பது என்னை எப்போதும் தொடுகின்றது. தனக்குக் கீழே இருப்பவர்களை அவன் மனிதர்களாகக் காணவில்லை என்பதையே அவர் சொன்னார்.

ஓர்சன் ஸ்கொட் கார்ட் 1985இல் வெளியிட்ட 'எண்டர்ஸ் கேம்' நாவல் இதையெல்லாம் தலைகீழாக்குகிறது. எண்டர் என்னும் சிறுவன் பயிற்சி விளையாட்டு என்று நம்பிக்கொண்டே கப்பற்படைகளை நடத்துகிறான். கடைசிப் பரீட்சையை வென்ற பிறகுதான், அவை உண்மையான கப்பல்கள், இறந்தவர்கள் உண்மையான மனிதர்கள், அழிந்தது உண்மையான ஓர் இனம் என்று அவனுக்குச் சொல்கிறார்கள். உயிர்களின் சுமை தெரிந்திருந்தால் அவன் அப்படிக் கட்டளையிட்டிருக்கமாட்டான் என்று அறிந்தே பெரியவர்கள் அதை மறைத்தார்கள். அந்தச் சுமை அதனால் இல்லாமற் போகவில்லை. வாழ்நாள் முழுவதும் அவன் அதைத் தூக்குகிறான்.

இவற்றைப் படித்த மாணவி ஒருத்தி, போரைக் காணாத நாங்கள் இப்படிப்பட்ட பாத்திரத்தை எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது; ஸ்டீபன் கிரேன் பிறந்தது 1871இல். முதற்களத்தில் ஓடிவிடும் ஓர் இளம் படைவீரனைப் பற்றி அவர் 1895இல் வெளியிட்ட நாவல், எந்தப் போரையும் நேரிற் காண்பதற்கு முன்னரே எழுதப்பட்டது. களம் கண்டவர்கள் எழுதிவைத்ததை அவர் வாசித்திருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கோ நூலகம்வரை போக வேண்டிய தேவைகூட இல்லை. பல வீடுகளில் திண்ணையிலேயே ஆள் இருக்கிறது. ஆனால் சொல்லச் சொல்லி எவரையும் வற்புறுத்தக்கூடாது என்பதை அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவராகச் சொன்னால் இருந்து கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வர வேண்டும்.

அடுத்த ஒத்திகையில் அந்த மாணவன் நடுங்கவில்லை. கடிவாளம் பிடித்த பிருகந்நளை உத்தரா என்று மூன்று முறை கூப்பிட்டாள், அவன் திரும்பவில்லை. கண் மட்டும் தூரத்தில் எதையோ பார்த்தபடி நின்றது. மத்தளம் அடித்த பிள்ளையும் அடிப்பதை மறந்துவிட்டது. அதன் பின்னர் அவன் குதித்து ஓடியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும், உத்தரனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டான். குருசேத்திரத்தில் முதல் நாளே யானைமேல் ஏறிச் சல்லியனை எதிர்த்துச் சென்றான், சல்லியனுடைய தேர்க்குதிரைகளை யானை மிதித்துக் கொன்றது, சல்லியன் எறிந்த வேல் பட்டு இறந்தான் என்று சொன்னேன்.

"அப்ப அண்டைக்கு அவன் ஓடேல்லையா, சேர்?"

"இல்லை."

சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, அந்தக் கட்டத்தையும் நாடகத்திற் சேர்க்க வேண்டும் என்றான். யானையை எதனாற் செய்வது என்பதுதான் இப்போது எங்களுக்கு மீதமுள்ள வேலை. பனையோலைப் பாயும் கமுகஞ் சிலாகையும் தருவதாக அந்த அம்மம்மா சொல்லியிருக்கிறார்.